படுத்த நேரம் வேறு, தூங்கிய நேரம் வேறு

பதினாறு வயதுப் பிள்ளை பஜ்ருக்கு எழவில்லை என்றால் நம் வீடுகளில் முதலில் வரும் சொல் ‘சோம்பேறி’. எத்தனை மணிக்குத் தூங்கினான் என்று கேட்டால், ‘பத்து மணிக்கே படுத்துட்டானே’ என்பார்கள். படுத்ததைத்தான் பார்த்தோம், தூங்கியதை யார் அளந்தது?

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் அளந்தார்கள். 2016-இல் அங்கே உயர்நிலைப் பள்ளிகள் தொடங்கும் நேரம் காலை 7.50-லிருந்து 8.45-க்கு மாற்றப்பட்டது. ‘காலையில் நேரம் கொடுத்தால் இரவில் அந்த அளவுக்குக் கூடுதலாக விழித்திருப்பார்கள்’ என்று இத்தகைய மாற்றங்களை எதிர்ப்பவர்கள் சொல்வதுண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிள்ளைகளின் வாய்மொழியை மட்டும் நம்பவில்லை. மாற்றத்துக்கு முன்பு ஒருமுறை, அடுத்த ஆண்டு அதே பருவத்தில் ஒருமுறை, இரண்டு பள்ளிகளின் 10-ஆம் வகுப்பு மாணவர்களின் கையில் கடிகாரம் போன்ற கருவியைக் கட்டிவிட்டார்கள். கையசைவையும் வெளிச்சத்தையும் அது பதிவு செய்யும்; அதை வைத்துத் தூக்கம் கணக்கிடப்படும். மூளை அலைகளைப் பதியும் பரிசோதனை அளவுக்கு இது துல்லியம் அல்ல. ஆனால், வீட்டில் வழக்கம்போல் தூங்கும் பிள்ளையை நாள்கணக்கில் அளக்க இதுவே தோது.

2018 டிசம்பரில் முடிவு வெளியானது. பள்ளி நாள் தூக்கம் 6 மணி 50 நிமிடத்திலிருந்து 7 மணி 24 நிமிடமாகக் கூடியிருந்தது. படுக்கும் நேரம் பெரிதாகத் தள்ளிப்போகவில்லை, எழும் நேரம்தான் தள்ளிப்போனது. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் அதிகம் படித்த பள்ளியில், தாமதமாக வருவதும் வராமலே இருப்பதும் குறைந்தன. இரண்டு ஆண்டுகளிலும் அளக்கப்பட்டவர்கள் வெவ்வேறு மாணவர்கள், ஆண்டுக்குச் சுமார் 90 பேர்தான் என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

இதை அப்படியே நம் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. பள்ளி மணியை அரசு தள்ளிவைக்கலாம். கலிஃபோர்னியா 2019-இல் சட்டமே போட்டது. பஜ்ரைத் தள்ளிவைக்க யாரால் முடியும்? 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் பரிந்துரை. ஐந்து மணிக்கு எழ வேண்டிய பிள்ளை, குறைந்தது ஒன்பது மணிக்குத் தூங்கியிருக்க வேண்டும். அந்நேரத்துக்குத்தான் டியூஷன் முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றுகிறான். போதாததற்கு, பருவ வயதில் உடலே தூக்கத்தைத் தாமதமாகத்தான் வரவழைக்கிறது. அதை அடம் என்று ஏசுவது அநியாயம்.

இஷாவுக்குப் பிறகு பேசிக்கொண்டிருப்பதை நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்று புகாரியில் ஓதுகிறோம். நம் விருந்துகளும், ஏன், ஜமாஅத் கூட்டங்களும்கூட இஷாவுக்குப் பிறகுதான் களைகட்டுகின்றன. பிள்ளையை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

கருவி வாங்க வேண்டாம். இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்துப் பாருங்கள்: ஃபோனைக் கீழே வைத்த நேரம், விளக்கணைத்த நேரம், எழுந்த நேரம். பள்ளி நாளைத் தனியாகவும் விடுமுறையைத் தனியாகவும் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை பஜ்ர் தொழுதுவிட்டுப் படுத்தவன் லுஹர் பாங்குவரை எழவில்லை என்றால், மற்ற ஆறு நாளின் பாக்கி எவ்வளவு என்பது அந்த நோட்டிலேயே தெரியும்.