உரிய காலத்தில் உதவி

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் பெறுவது கடினம். அங்கு சென்று படிப்பதற்கான பணத்தைத் திரட்டுவது அதனினும் கடினம். வசதி படைத்த குடும்பம் சேமிப்பிலிருந்து செலவழிக்கும். நடுத்தரக் குடும்பம் வீட்டை அடமானம் வைத்துக் கல்விக் கடன் பெறும். அடமானம் வைக்க ஏதுமற்ற வீட்டுப் பிள்ளைக்கு அரசின் உதவித்தொகை ஒன்றே வழி.

அதற்காகவே மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. 1954-55-இல் தொடங்கப்பட்ட இத்திட்டம், தாழ்த்தப்பட்டோர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் ஆகியோரின் பிள்ளைகள் வெளிநாட்டில் முதுநிலை, முனைவர் பட்டப் படிப்புகளை மேற்கொள்ள உதவுகிறது. இவ்வளவு பெரிய நாட்டில் 2025-26-ஆம் ஆண்டுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் வெறும் 125.

அதற்கும் வந்தது சோதனை. 2025 ஜூலையில் 106 பேர் தேர்வு பெற்றதாக அறிவிக்கப்பட்டபோது, 40 பேருக்கு மட்டுமே முதலில் தாற்காலிக ஒப்புதல் கடிதம் கிடைத்தது. எஞ்சிய 66 பேருக்கு, நிதி இருப்பைப் பொறுத்தே கடிதம் வழங்கப்படும் என்று கூறப்பட்டது.

பல நாடுகளில் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் வகுப்புகள் தொடங்கிவிடும். செலவுக்குப் பணம் இருப்பதற்கான ஆதாரமின்றி விசா கிடைக்காது. இந்நிலையில், ஜூலையில் "பொறுத்திருங்கள்" என்பது, ஏழை மாணவரைப் பொருத்தவரை "போகாதீர்கள்" என்பதற்கு ஒப்பாகும். கடிதம் காலம் கடந்து வந்தால், போராடிப் பெற்ற இடம் கைநழுவிப் போயிருக்கும்.

உதவி பாதியில் நின்றால் என்னவாகும் என்பதற்கு அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையே சான்று. பரோடா மன்னரின் உதவித்தொகையால் 1913-இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்ற அவர், லண்டனில் படிப்பைத் தொடர்ந்தபோது உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-இல் நாடு திரும்ப நேர்ந்தது. மீண்டும் லண்டன் செல்ல 1920 வரை காத்திருந்தார். அவரது பெயரைச் சொல்லாத அரசியல் கட்சி இன்று இல்லை. அவர் பட்ட அவதியை அவர் வழிவந்த மாணவர்களும் பட வேண்டுமா?

நிதி ஒப்புதல் கோப்புகளில் நகரும் வேகத்துக்குப் பல்கலைக்கழகங்கள் காத்திரா. தேர்வு அறிவிப்பை வெளியிடும் முன்பே, தேர்வாகும் அனைவரின் முழுப் படிப்புக் காலத்துக்கும் நிதியை உறுதி செய்வது அரசின் கடமை. அமைச்சகத்தின் மானியக் கோரிக்கை நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்படும்போது, எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்பதுடன், அது எந்த மாதத்தில் மாணவரைச் சென்றடைந்தது என்றும் உறுப்பினர்கள் கேட்க வேண்டும்.