குற்றப் புள்ளிவிபரங்களில் தெளிவு வேண்டும்

வன்முறைக் குற்றங்களைப் புரிவோரில் மிகப் பெரும்பான்மையினர் ஆண்களே என்பது உலகறிந்த உண்மை. கொலைச் சந்தேகநபர்களில் சுமார் 90 சதவீதத்தினர் ஆண்கள் என, போதைப்பொருள் மற்றும் குற்றத்துக்கான ஐக்கிய நாடுகள் அலுவலகம் 2019 இல் வெளியிட்ட ஆய்வு கூறுகின்றது. பொலிஸ் பதிவேடுகளில் 'ஆண்', 'பெண்' என்ற விபரம் இருப்பதனாலேயே நாம் இதனை அறிகின்றோம்.

பிரித்தானியாவிலோ அந்த விபரமே சர்ச்சைக்குள்ளாகியுள்ளது. அங்கு பொலிஸ் பிரிவுகள் பல, சந்தேகநபரின் பாலுக்குப் பதிலாக அவர் தெரிவிக்கும் பால்நிலை அடையாளத்தைப் பதிந்து வந்துள்ளன. அரசாங்கத்தின் வேண்டுகோளின் பேரில் பேராசிரியை அலிஸ் சலிவன் தயாரித்த அறிக்கை 2025 மார்ச்சில் வெளியானது. இரண்டையும் ஒரே கேள்வியில் கலக்கலாகாது. பொலிஸார் பாலைக் கட்டாயமாகப் பதிய வேண்டும் என அது பரிந்துரைத்தது.

ஒரு சிலருக்காக இத்தனை விவாதமா எனக் கேட்கப்படலாம். 1,000 சந்தேகநபர்களில் 900 பேர் ஆண்கள், 100 பேர் பெண்கள் எனக் கொள்வோம். பத்துப் பேரின் பதிவு ஆண்களிலிருந்து பெண்களுக்கு மாறினால், ஆண்களின் தொகை ஒரு சதவீதமளவே குறையும்; பெண்களின் தொகையோ 10 சதவீதம் உயரும். இங்கிலாந்தின் 2003 ஆம் ஆண்டுப் பாலியல் குற்றங்கள் சட்டப்படி, பாலால் பெண்ணாக உள்ளவர் வல்லுறவுக் குற்றத்துக்குப் பொதுவாக உடந்தையாளராக மட்டுமே இருக்க முடியும். அவ்வாறிருக்க, அக்குற்றத்தின் பட்டியலில் 'பெண்' எனக் காணப்படுபவர் உடந்தையாளரா, தம்மைப் பெண்ணென அடையாளப்படுத்துபவரா, எழுத்துப் பிழையா? ஒற்றை விபரம் இதற்கு விடை தராது. பெண்களுக்கான சிறைகளையும் புனர்வாழ்வையும் திட்டமிடுவோர் எதனை நம்புவது?

இவ்விடயத்தைத் திருநருக்கு எதிரான ஆயுதமாக்குவதையும் நாம் ஏற்கவில்லை. தனியொருவரின் குற்றம் அவர் சார்ந்த சமூகத்தின் குற்றமாகாது என்பதைத் தமிழ், முஸ்லிம் மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. உண்மையில், இரு விபரங்களும் தனித்தனியே பதியப்பட்டாலன்றித் திருநர் மீது இழைக்கப்படும் வன்முறையும் கணக்கில் வராது. ஒருவரை அவர் விரும்பும் பெயரால் அழைப்பது மரியாதை. பாலைப் பதிவது கணக்கு. ஒன்று மற்றதற்குத் தடையன்று.

பால்நிலை அங்கீகாரச் சான்றிதழைக் கொண்டு பிறப்புப் பதிவைத் திருத்த இலங்கையிலும் 2016 முதல் வழியுண்டு. ஆகவே, இக்கேள்வி எமது பொலிஸ் பதிவேடுகளையும் எட்டவே செய்யும். சர்ச்சை மூண்ட பின்னர் தடுமாறுவதிலும் பார்க்க, இரு கேள்விகளுக்கும் தனித்தனி இடமளித்து, தனிநபர் இரகசியத்தையும் பேணும் ஒழுங்கை இப்போதே வகுப்பது சம்பந்தப்பட்டோரின் கடமையாகும்.