தாயின் நாவு தந்த பெயர்

திங்கள்தோறும் இப்பகுதியில் ஓர் இசைவாணரின் வாழ்வைக் கூறி வருகிறோம். நம் இல்லங்களில் பெரியோர் கர்நாடக இசை கேட்கின்றனர். பிள்ளைகளோ ராக் இசையை நாடுகின்றனர். ஆதலின் இம்முறை பிள்ளைகளின் பக்கம் திரும்புவோம். கனடா நாட்டு 'ரஷ்' குழுவின் பாடகரும் பாஸ் கிட்டார் கலைஞருமான கெடி லீயின் வரலாறு, ஊர் விட்டு ஊர் வந்தோர் அனைவரும் அறியத்தக்கது.

1953ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் டொரண்டோவில் பிறந்த அவருக்கு இடப்பட்ட பெயர் கேரி லீ வைன்ரிப். பெற்றோர் போலந்து நாட்டு யூதர். ஹிட்லர் ஆட்சியின் வதைமுகாம்களிலிருந்து உயிர் மீண்டவர்கள். நாம் பிழைப்பை நாடி ரயிலேறி வந்தவர்கள். அவர்களோ உயிர் பிழைத்துக் கடல் கடந்தவர்கள். இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது.

தாயார் மேரியின் ஆங்கிலத்தில் போலந்து மண்ணின் ஒலி கலந்திருந்தது. அவர் 'கேரி' என்று மகனை அழைத்தால் அது 'கெடி' என்றே ஒலிக்கும். தோழர்களும் அவ்வாறே அழைக்கலாயினர். மகன் அதைத் திருத்த முற்படவில்லை. பின்னாளில் சட்டப்படியே தம் பெயராக்கிக் கொண்டார்.

அவருக்கு 12 வயதானபோது தந்தை காலமானார். குடும்பத்தின் கடையைத் தாயார் தாமே ஏற்று நடத்தினார். இந்நிலையில் மகன் பள்ளிப் படிப்பைப் பாதியில் விடுத்து இசையை நாடியது அவ்வன்னைக்குப் பெருந்துயர் அளித்தது. தாம் பட்ட பாட்டுக்கு ஈடாகப் பிள்ளை படித்து உயர வேண்டும் என்று எண்ணாத தாய் எவர்? அத்துயருக்கு ஈடுசெய்ய உழைத்துக் காட்டும் கடமை தமக்கு உண்டென்று கருதியதாக மகன் பின்னாளில் கூறியுள்ளார்.

பாஸ் கிட்டார் பொதுவாக நான்கு தந்திகள் கொண்டது. தாழ்ந்த சுரங்களை ஒலிப்பது. முரசின் தாளத்தையும் பாட்டின் சுருதியையும் பிணைப்பது அதுவே. அதை மீட்டிக்கொண்டே பாடுவது எளிதன்று. விரல்கள் ஒரு நடையிலும் குரல் வேறொரு நடையிலும் செல்லவேண்டும். கெடி லீயோ இவற்றுடன் விசைப்பலகையும் வாசித்து, காலால் மிதிகட்டைகளையும் இயக்கினார்.

1968இல் தோன்றிய ரஷ் குழுவின் முதல் இசைத்தட்டு 1974இல் வெளிவந்தது. 1975இல் வந்த மூன்றாவது தட்டு விலைபோகவில்லை. சிறு பாடல்களையே தருமாறு நிறுவனத்தார் வற்புறுத்தினர். குழுவினரோ 1976இல் '2112' என்ற தட்டில் ஒரு பக்கம் முழுவதையும் நிறைக்கும் 20 நிமிடப் பாடலைத் தந்து வென்றனர். மகனின் குழு வளர்ந்த நாளில், தாயார் தம் கடைச் சன்னலில் அதன் விளம்பரத் தாள்களை ஒட்டி வைத்தார்.

வதைமுகாமில் பட்டதை அவ்வன்னை பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. 1945 ஏப்ரலில் பெர்கன்-பெல்சன் முகாம் விடுவிக்கப்பட்டபோது, காவலர் இரு கைகளையும் உயர்த்தி நிற்பதைக் கண்டார். அது சரணாகதி என்பது முதலில் அவருக்கு விளங்கவில்லையாம். முகாமுக்கு வெளியே உலகம் இன்னும் இருக்கிறது என்பதையே கைதிகள் நம்ப இயலாத நிலை. இவ்வரலாற்றை மகன்வழிக் கேட்ட நண்பர் நீல் பியர்ட், 1984இல் வந்த 'ரெட் செக்டர் ஏ' பாடலை எழுதினார். மகனே அதைப் பாடினார்.

பியர்ட் 2020இல் மறைந்தார். அன்னை 2021இல், தம் 95ஆம் வயதில் மறைந்தார். 2023இல் கெடி லீ வெளியிட்ட தன்வரலாற்றில் பெற்றோரின் முகாம் வாழ்வும் இடம்பெற்றது.

இருப்புப்பாதை அலுவலகத்தில் பெயர்ப் பட்டியல்களோடு நாள் கழிக்கும் நாம், 'மலர்விழி' 'மலர்விலி' ஆவதைக் காண்கிறோம். அயலார் நாவு பிறழ்வதில் வியப்பில்லை. நம் பிள்ளைகளே தோழர்முன் தாயின் பேச்சுக்கு நாணுவதுதான் வருத்தம். பிள்ளைகள் படிப்பை விடவேண்டும் என்பது நம் கருத்தன்று. எத்தொழிலை மேற்கொள்ளினும், வீட்டில் கேட்ட ஒலியும் பெற்றோர் கடந்துவந்த பாதையும் அவர்களுக்குச் சுமையல்ல, முதல். பெரியோர் சொல்லாவிடில் அம்முதல் அவர்களை வந்தடையாது. இன்றிரவு உணவுக்குப்பின் ஒரு கதையேனும் சொல்வோமாக!