பதினெட்டா, ஆறா, மூன்றா?

கோம்பை என்னும் நம் ஊர்ப்பெயரில் எத்தனை எழுத்து? கோ, ம், பை என்று விரல் மடக்கி மூன்று என்பான் பள்ளி மாணவன். பைத்தான் நிரல்மொழியின் 2ஆம் பதிப்பில் இச்சொல்லைச் சாதாரணச் சரமாகக் கொடுத்து நீளம் கேட்டால் 18 என்று சொல்லும்; 3ஆம் பதிப்பு 6 என்று சொல்லும். முன்னது யூடிஎஃப்-8 முறையில் பைட்டுகளை எண்ணியது; அதில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு. பின்னது யூனிகோடு குறிகளை எண்ணுகிறது: க, ஓகாரக் குறி, ம, புள்ளி, ப, ஐகாரக் குறி.

சொல்லடைவுக்காகச் சொற்களை நீளவாரியாக அடுக்கும் சிறு நிரல் ஒன்றைப் பழைய பதிப்பில் எழுதி வைத்திருந்தோம். நீளத்தை 3ஆல் வகுத்தால் குறிகளின் எண்ணிக்கை கிடைத்துவிடும் என்பது நம் குறுக்குவழி. புதிய பதிப்புக்கு மாறியதும், பிரிண்ட் என்ற கட்டளைக்கு அடைப்புக்குறி இல்லையென்று நிரல் நின்றுவிட்டது. அதைத் திருத்தினோம், ஓடியது. ஆனால் கோம்பைக்கு 6 வரவேண்டிய இடத்தில் 2 வந்தது. பிழைச்செய்தி எதுவும் இல்லை. அந்தப் பட்டியலை நம்பி நாம் ஒரு வாரம் வேலை செய்தோம்.

இங்கேதான் நம் கருத்து. பதிப்பு மாற்றத்தில் ஓசையோடு உடைவது குற்றமன்று. ஓசையின்றி விடை மாறுவதே ஆபத்து. நின்றுபோன நிரலைக் கண்டதும் திருத்துகிறோம். தவறாக ஓடும் நிரலையோ ஆராய்ச்சிக்குச் சான்றாகக் காட்டிவிடுகிறோம்.

மாற்றுகிறவர்களுக்குக் கடமை உண்டு. பெரும்பாலான நிரலகங்களில் பதிப்பெண்ணின் முதல் இலக்கம் மாறினால், பழைய நிரல்கள் இயங்காமல் போகலாம் என்று பொருள். ஆனால் எண் மட்டும் போதாது, அவகாசமும் வேண்டும். பைத்தான் 3.0 வெளிவந்தது 2008 டிசம்பரில். பழைய கிளையின் 2.7 அதற்குப் பிறகு, 2010இல் வந்தது. அதற்கான ஆதரவு 2015இல் முடிவதாக இருந்து, 2020 ஜனவரி 1 வரை நீட்டிக்கப்பட்டது. இரண்டிலும் ஓடும்படி எழுத உதவிய நிரலகத்துக்கு, 2ஐ 3ஆல் பெருக்கி, சிக்ஸ் என்றே பெயரிட்டார்கள். புதிய வாய்க்காலில் தண்ணீர் வந்து சேரும்வரை பழையதை அடைக்காத கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிக்கு இந்த நிதானம் புதிதன்று.

பயன்படுத்துகிறவர்களுக்கும் கடமை உண்டு. மாற்றக் குறிப்பைப் படிக்காமல் பதிப்பை உயர்த்தியது நம் தவறு. விடை தெரிந்த பத்துச் சொற்களையேனும் தனியே எழுதி வைத்து, உயர்த்துமுன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். எந்தப் பதிப்பில் ஓடியது என்பதை நிரலின் தலையிலேயே குறித்திருக்க வேண்டும். ஓலையைப் படியெடுத்தவன் மூலத்தோடு ஒப்பிடாமல் விட்டால் என்ன நேரும் என்று வகுப்பில் பாடம் நடத்துகிற நாமே இதை மறந்தோம்.

இன்னொன்று: மூன்று என்ற மாணவனின் விடையை இரு பதிப்புகளுமே தாமாகத் தரவில்லை. அதற்கு ஓப்பன்-தமிழ் போன்ற, தமிழெழுத்தை அறிந்த நிரலகம் வேண்டியிருக்கிறது. 18ஐ 6 ஆக்கியது முன்னேற்றம்தான். எழுத்து எது என்பதை மட்டும் இலக்கணம் படித்தவர்கள்தாம் சொல்லித் தரவேண்டும். தமிழ்த்துறைகள் அந்த வேலையைக் கணிப்பொறித் துறையிடம் தள்ளிவிட்டு ஒதுங்கலாகாது.