தாய்நாட்டு வாசலில் சுங்கமா?

பிள்ளையின் உழைப்புப் பணம் வேண்டும், பிள்ளை வேண்டாம் என்று கூறும் தாயை நாம் கண்டதில்லை. ஆனால் அவ்வாறு கூறிய அரசாங்கத்தைக் கண்டோம். 2020ஆம் ஆண்டு மார்ச் 19ஆந் திகதி கட்டுநாயக்கா விமான நிலையத்தின் வருகை வாசல் பயணிகளுக்கு மூடப்பட்டது. இரு வாரங்களுக்கென மூடப்பட்ட அவ்வாசல் மீண்டும் முறையாகத் திறக்கப்பட்டது 2021 ஜனவரி 21ஆந் திகதியே! இடைப்பட்ட பத்து மாதங்களில் இந்நாட்டுப் பிரஜை ஒருவன் தன் சொந்த மண்ணில் காலடி வைப்பதற்கு அமைச்சின் அனுமதியையும், எப்போதாவது ஒருமுறை ஏற்பாடாகும் விசேட விமானத்தில் ஓர் ஆசனத்தையும், அந்த ஆசனத்தின் விலையையும் தேடி அலைய வேண்டியிருந்தது.

கொள்ளைநோய்க் காலத்தில் பிறநாடு செல்வதன் ஆபத்தைப் பற்றி உபதேசம் செய்வோர் இன்றும் பலர் இருக்கின்றனர். காலமல்லாத காலத்தில் போனவன் அதன் பலனை அனுபவிக்கட்டும் என்பது அவர்களுடைய வாதம். உல்லாசப் பயணம் போனவனைக் குறித்து இவ்வாதம் ஓரளவுக்குச் செல்லும். குவைத்திலும் கட்டாரிலும் சவூதியிலும் சீமெந்து சுமந்தவனையும், பிறர் வீட்டுப் பாத்திரம் துலக்கியவளையும் குறித்து இது எவ்வாறு செல்லும்? அவர்கள் நோய்க் காலத்தில் புறப்பட்டவர்களல்லர். அவர்கள் அங்கிருந்தபோது நோய் வந்தது. வேலை போயிற்று, விசா முடிந்தது, ஓர் அறையில் எட்டுப் பேரும் பத்துப் பேருமாகப் படுத்திருந்த இடத்தில் தொற்றும் புகுந்தது. வீடு திரும்புவதைத் தவிர வேறு வழியற்று நின்றவர்களிடமே வாசற்கூலி கேட்கப்பட்டது.

வன்னியைச் சேர்ந்த கமக்காரர் ஒருவர் பழைய உரப்பையொன்றில் கடதாசிகளைக் கட்டிக்கொண்டு ஒரு நாள் எம்மிடம் வந்தார். மகனை வளைகுடாவுக்கு அனுப்புவதற்கு ஈடு வைத்த வயற்காணியின் உறுதிப் பிரதி அதிலே முதலில் இருந்தது. அதன் கீழே முகவருக்குக் கட்டிய பணத்தின் துண்டு, மகன் திரும்பி வந்த விமானத்தின் சீட்டு, போகும்போது கொடுத்ததிலும் பன்மடங்கு விலையில், பி.சி.ஆர். பரிசோதனைக்கான பற்றுச்சீட்டு; பதினான்கு நாள் அடைத்து வைத்திருந்த விடுதியின் கணக்கு. இறுதிக் கணக்கைத் தீர்ப்பதற்குக் காலபோக நெல் முழுவதையும் அறுவடைக்கு முன்னரே வியாபாரியிடம் விலைபேசி முற்பணம் வாங்கியிருந்தார். அவர் அழவில்லை, எவரையும் ஏசவுமில்லை. "ஊருக்கு நோய் பரவக் கூடாதெண்டுதானே ஐயா என்ர பிள்ளையை அடைச்சு வைச்சவை? அப்ப ஊருக்காக அடைச்சதுக்கு நான் ஏன் காசு கட்ட வேணும்?" என்று மட்டும் கேட்டார்.

சட்டம் படித்த நாம் இவ்வழக்கை இதைவிடத் தெளிவாக எடுத்துரைக்க வல்லோம் அல்லோம்.

ஏனெனில் அக்கமக்காரர் கேட்டதையே உலக நாடுகள் 2005ஆம் ஆண்டில் கூடி எழுதி வைத்தன. உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசச் சுகாதார ஒழுங்குவிதிகள் 2007 ஜூன் மாதம் முதல் நடைமுறையில் உள்ளன. இலங்கையும் அவற்றால் கட்டுப்பட்ட நாடு. அவற்றின் 40ஆம் உறுப்புரை யாது சொல்கிறது? பயணியின் சுகாதார நிலையை அறியச் செய்யும் பரிசோதனைக்கும், அவனைத் தனிமைப்படுத்தி வைப்பதற்கும் அரசு கட்டணம் அறவிடலாகாது என்கிறது. தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ வதிவிடம் நாடி வருவோருக்கு மட்டுமே விதிவிலக்கு உண்டு. தன் வீட்டுக்குத் திரும்புகிறவன் வதிவிடம் நாடி வருகிறவனா? பயணியின் சொந்த நன்மையையே முதன்மையாகக் கொண்ட வேறு நடவடிக்கைகளுக்குக் கட்டணம் வாங்கலாம் என்றும் அதே உறுப்புரை கூறுகிறது. இந்த வேற்றுமையிலேதான் நியாயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அடைபடுபவனுடைய நன்மைக்காக அவன் அடைக்கப்படுவதில்லை. வெளியே இருக்கும் நமக்காகவே அடைக்கப்படுகிறான். நன்மை பெறுவோர் நாம். ஆகவே செலவும் நம்முடையது. அஃதாவது நம் எல்லோரிடமிருந்தும் வரி வாங்கும் திறைசேரியினுடையது.

வீதி போடுவதற்குக் காணி சுவீகரித்தால் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்பது நம் கமக்காரர் எல்லோரும் அறிந்த விடயம். ஒருவனுடைய பதினான்கு நாட்களை ஊரின் நன்மைக்காகச் சுவீகரிக்கும் அரசாங்கம் நட்டஈடு கொடுக்காதிருப்பதோடு நில்லாது, அவனிடமே வாடகையும் கேட்டதை என்னவென்பது!

அரசாங்கத்தின் பக்கத்து வாதத்தையும் கேட்போம். இலவச நிலையங்களும் இருந்தன, விடுதியைத் தெரிந்தவர்கள் தாமாகவே தெரிந்தார்கள் என்பார்கள். இலவச நிலையங்கள் இருந்ததை நாம் மறுக்கவில்லை. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து சென்றவர்களுக்குப் பின்னர் சில சலுகைகள் அறிவிக்கப்பட்டதையும் மறுக்கவில்லை. ஆயினும் இலவச இடம் வரும்வரை அந்நிய மண்ணில் பட்டினி கிடப்பதா, கடன்பட்டு இப்போதே வருவதா என்பதைத் தெரிவு என்று எந்த நீதிமன்றம் ஏற்கும்? கழுத்தளவு வெள்ளத்தில் நிற்பவனிடம் தோணிக்காரன் பேசும் விலையை ஒப்பந்தம் என்று எவரும் சொல்வதில்லை.

இனி அரசியலமைப்புக்கு வருவோம். 14(1)(i) உறுப்புரை ஒவ்வொரு பிரஜைக்கும் இலங்கைக்குத் திரும்பி வரும் சுதந்திரத்தை உறுதி செய்கிறது. அது அடிப்படை உரிமை. எவரும் இரங்கி இட்ட பிச்சையன்று. பொதுச் சுகாதாரத்தின் பொருட்டு அவ்வுரிமையை மட்டுப்படுத்தலாம் என்று 15(7) உறுப்புரை இடம் தருவதும் உண்மையே. ஆனால் அந்த மட்டுப்பாடு சட்டத்தினால் விதிக்கப்பட வேண்டும் என்பது அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது. ஊடக அறிக்கையும், செயலணிக் கூட்டத்தின் தீர்மானமும், விமானக் கம்பனிக்கு அனுப்பும் கடிதமும் சட்டமாகா. இராணுவத் தளபதியின் தலைமையில் தேசிய செயற்பாட்டு நிலையம் ஒன்றை நிறுவி அதன்வழி நோய்க் காலத்தை ஆண்டவர்கள், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் ஒரு பிரஜையின் வருகையை மாதக்கணக்கில் தள்ளிவைத்தார்கள் என்பதை இன்றுவரை மக்களுக்கு விளங்க உரைத்ததாக நாம் அறியோம்.

கையில் இருந்ததோ 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தொற்றுத்தடைக்காப்பு, நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம். பம்பாயில் கொள்ளைநோய் பரவிய காலத்தில், நீராவிக் கப்பல்களை மனத்திற்கொண்டு வெள்ளைக்காரத் துரைமார் இயற்றியது அது. அன்று நமக்கு வாக்குமில்லை, பிரஜாவுரிமையுமில்லை. கேள்வி கேட்கும் உரிமை எங்கிருந்து வரும்? பொதுச் சுகாதாரம் என்ற சொல்லைச் சொல்லி எதையும் செய்துவிடலாம் என்ற துணிவு அச்சட்டத்தின் நிழலில் வளர்ந்தது. இறந்தோரைத் தகனமே செய்ய வேண்டும் என்று 2020 ஏப்ரலில் விதித்து, முஸ்லிம் சகோதரர்களின் நெஞ்சைப் பத்து மாதங்கள் எரித்துவிட்டு, 2021 பெப்ரவரியில் அதனைக் கைவிட்டதும் அத்துணிவின் இன்னொரு முகமே.

கடல் கடக்கும் ஏழையின் தலையில் நோய்த் தடுப்புச் செலவைக் கட்டுவது இத்தீவுக்குப் புதியதன்று. தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் முதலில் தட்டப்பாறையிலும், பாம்பன் பாலம் 1914இல் திறக்கப்பட்ட பின்னர் மண்டபத்திலும் முகாமிட்டுச் சோதிக்கப்பட்டனர். அம்முகாம்கள் இந்திய மண்ணில் இருந்தபோதிலும் நடத்தியது இலங்கை அரசாங்கம். வந்தவனுக்குத் தகர வில்லையொன்று கொடுக்கப்பட்டது. வழிச் செலவு தோட்டத்தின் பெயரில் எழுதப்பட்டு, கங்காணியின் கணக்கினூடாகத் தொழிலாளியின் கடனில் வந்து விழுந்தது. தோட்டத்தில் முதற் கொழுந்தைக் கிள்ளுமுன்பே அவன் கடன்காரன். அக்கடனைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய துண்டு முறை 1921இல் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. நூறாண்டுகள் கழித்து, அதே பாரம் வேறு பெயரில் விமான நிலையத்தில் வந்து நின்றது.

திறைசேரியில் பணமில்லை என்று சொன்னவர்கள் இக்கணக்கையும் பார்க்கட்டும். வெளிநாடுகளில் உழைப்போர் 2019இல் இந்நாட்டுக்கு அனுப்பியது ஏறத்தாழ 671 கோடி டொலர். வேலை இழப்பும் நோயும் சூழ்ந்த 2020இல் அது குறையவில்லை. 710 கோடி டொலராக உயர்ந்தது. தேயிலை ஏற்றுமதியால் அவ்வாண்டு கிடைத்தது அதில் ஐந்திலொரு பங்குகூட இல்லை. உல்லாசப் பயணத் துறை படுத்துவிட்ட ஆண்டில் நாட்டின் அடுப்பை எரித்தவர்கள் யாரோ, அவர்களுக்கே வாசல் அடைக்கப்பட்டது. அவர்களில் ஆயிரக்கணக்கானோர் இன்னும் வரிசையில் நின்ற 2020 டிசம்பர் 28ஆந் திகதி, உக்ரேனிலிருந்து உல்லாசப் பயணிகள் மத்தளையில் வந்திறங்கினர். அவர்கள் குழுவாகச் சுற்றிப் பார்ப்பதற்கு ஒழுங்குகள் செய்யப்பட்டிருந்தன. அப்பயணிகள்மீது எமக்குக் கோபமில்லை. விருந்தாளிக்குப் பாய் விரித்துவிட்டு வீட்டுப் பிள்ளையைப் படலைக்கு வெளியே நிறுத்தியவர்கள்மீதே எமது கோபம்.

செல்வந்த நாடுகளும் இப்படித்தானே செய்தன என்பர். ஆம், செய்தன. இந்தியாவிலிருந்து திரும்பும் தன் சொந்தப் பிரஜைகளுக்குச் சிறைத் தண்டனை என்று 2021 மே மாதம் அவுஸ்திரேலியா அச்சுறுத்தியது. இரு வாரங்களுள் அத்தடை முடிவுற்றது. பணக்காரன் வீட்டில் நடந்ததாலே பிழை சரியாகிவிடுமா? நியூசிலாந்தில் திரும்பி வர இடங்கிடைக்காத பிரஜைகள் நீதிமன்றம் சென்றனர். தனிமைப்படுத்தல் தேவையே என்று ஏற்றுக்கொண்ட அந்நாட்டு மேல் நீதிமன்றம், 2021இன் பிற்பகுதியில் குலுக்கல் முறையில் இடம் பகிர்ந்தமை, அவசரத் தேவையுடையோரைப் போதியளவு கருத்திற் கொள்ளாமல் பிரஜைகளின் நுழையும் உரிமையை நியாயமின்றி மட்டுப்படுத்தியது என்று 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. நோயைத் தடுப்பதும் உரிமையைக் காப்பதும் ஒன்றாக இயலும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நம்மவர் நடந்துகொண்ட முறையையும் மறைக்காமல் எழுதுவோம். தமிழ்ப் பகுதிகளில் இராணுவத்தின் பொறுப்பில் தனிமைப்படுத்தல் நிலையங்கள் அமைந்தபோது எழுந்த எதிர்ப்புக்குக் காரணம் இருந்தது. முகாம் என்ற சொல்லைக் கேட்டால் வன்னி மக்களுக்கு எது நினைவுக்கு வரும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நோயின்றித் திரும்பிய பின்னரும் அப்பிள்ளைகளைக் கிணற்றடிக்கு வரவிடாமலும், அவர்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பாராமலும் ஒதுங்கியிருந்தது எந்த இராணுவத்தின் கட்டளை? அவர்கள் அனுப்பிய பணத்தில் கோயிலுக்கு மண்டபம் கட்டிய ஊர்களிலும் இது நடந்தது. படித்தவர்கள், எம் தொழிலைச் சேர்ந்தவர்கள் உட்பட, இதைக் கண்டும் காணாதிருந்தோம்.

வடக்கின் வாசலையும் மறக்கலாகாது. பலாலி 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, சென்னைக்குச் சேவை நடந்தது. 2020 மார்ச்சில் அது நின்றது. கட்டுநாயக்கா 2021 ஜனவரியிலே திறந்துவிட்டது. பலாலிக்கு விமானம் மீண்டும் வந்ததோ 2022 டிசம்பரில்! சென்னையில் வைத்தியம் செய்யப் போகும் யாழ்ப்பாணத்து நோயாளி, அதற்கிடைப்பட்ட காலமெல்லாம் கொழும்பு சென்று, அங்கே தங்கி, அங்கிருந்து பறக்கும் செலவைத் தாமே சுமந்தார்.

உலக சுகாதார நிறுவனம் நோயின் அவசர நிலை முடிந்ததென்று 2023 மே மாதம் அறிவித்தது. ஆனால் நம் பிள்ளைகள் போவது முடியவில்லை. பொருளாதாரம் சரிந்த 2022ஆம் ஆண்டில் மாத்திரம் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை தேடி நாட்டைவிட்டுப் போயினர். இன்னொரு கொள்ளைநோய் வந்தால் வெளியே அகப்படுவோர் தொகை முன்னையதிலும் பெரிதாக இருக்கும். ஆதலால் அமைதியான இக்காலத்திலேயே சட்டம் திருத்தப்பட வேண்டும் என்கிறோம். திரும்பி வரும் பிரஜையின் தனிமைப்படுத்தலும் பரிசோதனையும் அரச செலவில் நடைபெறும் என்று பாராளுமன்றம் எழுத்தில் விதிக்கட்டும். விசேட விமானங்களின் கட்டணத்துக்கு மேலெல்லை குறிக்கப்படட்டும். யார் முன்னே வருவது, எவ்வொழுங்கில் வருவது என்ற பட்டியல் வெளிப்படையாகட்டும்.

இன்னொன்றும் உண்டு. அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றத்தை நாடுவோர் ஒரு மாதத்துக்குள் நாட வேண்டும் என்கிறது 126(2) உறுப்புரை. றியாத்தில் அறைக்குள் அடைபட்டுக் கிடந்தவன் ஒரு மாதத்துக்குள் கொழும்பில் சட்டத்தரணி பிடிப்பது எங்ஙனம்? நாட்டுக்கு வெளியே தடுக்கப்பட்டிருப்பவனுக்கு அக்காலம் அவன் வந்திறங்கிய நாளிலிருந்தே ஓட வேண்டும். அத்திருத்தம் வரும்வரை வாசகர்கள் அறிந்திருக்க வேண்டியது ஒன்று: அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்துவிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கிற் சேராது. வெளியே இருப்பவனுக்காக அவனுடைய தகப்பனோ மனைவியோ அம்முறைப்பாட்டைக் கொடுக்கலாம்.

2020, 2021ஆம் ஆண்டுகளின் பற்றுச்சீட்டுகளை வைத்திருப்போர் அவற்றை எறிந்துவிட வேண்டாம். வழக்குக் காலம் கடந்திருக்கலாம். பாராளுமன்றத்தில் கேள்வி கேட்பதற்குக் காலம் கடப்பதில்லை. விமானச் சீட்டு, விடுதிக் கணக்கு, பரிசோதனைத் துண்டு ஆகியவற்றின் பிரதிகளை எம்மிடம் சேர்ப்பியுங்கள். காணி ஈடு வைத்தவர்கள் உறுதிப் பிரதியையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். ஈட்டுப் பணத்தின் வட்டியும் அக்கணக்கில் எழுதப்பட வேண்டியதே.