கல்லாச் சாவி நம் இடுப்பில். சர்வர் சாவி யார் கையில்?



இரவில் கடையைப் பூட்டியபின் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்காமல் வீட்டுக்குப் போகிற வியாபாரி நம்மில் யாரும் இல்லை. கல்லாச் சாவியைப் பெற்ற பிள்ளையிடம் கொடுக்கவே பத்து முறை யோசிப்போம். குடோன் சாவியைக் கணக்குப்பிள்ளை வாங்கிப் போனால் எத்தனை மணிக்குத் திரும்ப வந்தது என்று பார்ப்போம். இவ்வளவு உஷாரான நாம், கொள்முதல், விற்பனை, பாக்கி, கடிதப் போக்குவரத்து எல்லாம் குடியிருக்கும் சர்வரின் சாவியை மட்டும், இன்று பெயர்கூட நினைவில்லாத ஒரு பையனிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம். அந்தத் தூக்கத்துக்கு நான் கொடுத்த விலை ரூ. 1,85,000. வெட்கத்தை விட்டு அதை இங்கே எழுதக் காரணம், அடுத்த விலையை உங்களில் ஒருவர் கொடுத்துவிடக் கூடாது என்பதுதான்.

நடந்தது என்ன?

கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையை ஒட்டிய தெருவில் எனக்கு பேரிங், பெல்ட், போல்ட்-நட் மொத்த வியாபாரம். தொழிற்பேட்டை 1958-ல் வந்தது. என் தகப்பனார் காலம் தொட்டு அங்குள்ள பட்டறைகளை நம்பித்தான் எங்கள் கடை. வெளியூர் வாடிக்கை பெருகியதும், மாடிப்படிக்கு அடியில் ஒரு சர்வர் வைத்தோம். கணக்கும் மின்னஞ்சலும் அதில்தான். பொருத்திக் கொடுத்த கம்பெனியின் பையன், கடைப் பெயரோடு 123 சேர்த்து பாஸ்வேர்டு வைத்தான். "அப்புறமா மாத்திக்குங்க சார்" என்றான். அந்த 'அப்புறம்' ஆறு வருடமாகியும் வரவில்லை.

ஒருநாள் கோயம்புத்தூரிலிருந்து போன். 22 வருட வாடிக்கையாளர். "அண்ணாச்சி, பணம் வந்துருச்சுங்களா? நீங்க சொன்ன புது அக்கவுண்டுல போட்டு மூணு நாளாச்சுங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் எந்தப் புது அக்கவுண்டும் சொல்லவில்லை. தொகை ரூ. 4,80,000.

பிறகு வந்து பார்த்த விவரமான ஒருவர் சொன்ன கதை இது. திருடன் ஐந்து வாரமாக எங்கள் அஞ்சல் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறான். ஒவ்வொரு பில்லையும் படித்திருக்கிறான். பெரிய பில் ஒன்று போனதும், எங்கள் முகவரியிலிருந்தே, எங்கள் லெட்டர்ஹெட்டிலேயே, "ஆடிட் காரணமாக இனி இந்தக் கணக்கில் செலுத்தவும்" என்று எழுதியிருக்கிறான். கோவைக்காரர் ஏமாளி அல்ல. "நிஜம்தானா?" என்று கேட்டு உடனே பதில் எழுதினார். அந்தக் கடிதம் என் கண்ணில் படவே இல்லை. இவரிடமிருந்து வரும் கடிதம் எதுவானாலும் நேரே குப்பைக்குப் போகட்டும், நகல் ஒன்று தனக்கு வரட்டும் என்று திருடன் எங்கள் வடிகட்டியிலேயே ஒரு விதி எழுதி வைத்திருந்தான். "ஆம், நிஜம்தான்" என்று என் பெயரில் பதிலும் அவனே போட்டான்.

1930 என்ற எண்ணுக்கு அன்றே புகார் கொடுத்தோம். மூன்று நாள் தாமதம். மறுகணக்குகளில் முடக்கி மீட்க முடிந்தது ரூ. 1,10,000 மட்டும். மீதி ரூ. 3,70,000 யார் தலையில்? "கடிதம் உங்க முகவரியிலிருந்துதானே வந்துச்சுங்க" என்றார் அவர். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பாதிப் பாதி என்று முடித்துக் கொண்டோம். பணம் போனது ஒரு பக்கம். 22 வருடத்தில் முதல் முறையாக ஒருவர் என்னிடம் கடிதத்தைக் காட்டி நியாயம் பேச நேர்ந்ததே, அதுதான் இன்றும் உறுத்துகிறது.

சல்லடையும் சாவியும்

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குப்பை அஞ்சலைத் தடுப்பது ஒரு வேலை, பாஸ்வேர்டைக் காப்பது வேறு வேலை என்று நாம் நினைக்கிறோம். இரண்டும் ஒரே வேலைதான். வெளியிலிருந்து வரும் கள்ளக் கடிதத்தைத்தான் வடிகட்டி பிடிக்கும். நம் சாவியைத் திருடி, நம் வீட்டு வாசல் வழியாகவே புறப்படும் கடிதத்தை எந்த வடிகட்டியாலும் பிடிக்க முடியாது. கோவைக்காரரின் சர்வரிலும் நல்ல வடிகட்டி இருந்தது. அதைப் பொறுத்தவரை வந்தது என் கடிதம். முத்திரை சரி, முகவரி சரி, உள்ளே விட்டுவிட்டது.

வடிகட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குப்பை அஞ்சலை ஆரம்பித்து வைத்ததே நம் ஜாதிக்காரர், அதாவது ஒரு விற்பனைக்காரர்தான். 1978 மே 3 அன்று, அமெரிக்காவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனை அதிகாரி, கேட்காமலேயே சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரக் கடிதத்தை அனுப்பினார். அன்று தொடங்கிய வெள்ளம் இன்னும் வடியவில்லை. சல்லடை இல்லாமல் இன்று அஞ்சல் பெட்டி நடத்த முடியாது. ஆனால் சல்லடைக் கண் பெரிதானால் கல்லும் சேர்ந்து விழும். சிறிதானால் அரிசியும் மேலே தங்கிவிடும். அரிசி மண்டிக்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒதுக்கி வைத்த கடிதங்களைத் தினம் ஒருமுறை ஒரு மனிதர் பார்க்க வேண்டும். அதில் ஒரு ஆர்டர் கிடந்து வீணாகியிருக்கலாம். கூடவே, நாம் எழுதாத விதி ஏதாவது வடிகட்டியில் முளைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். என் கடையில் இதை யாராவது பார்த்திருந்தால் நகல் போகும் விதி முதல் வாரமே பிடிபட்டிருக்கும்.

சர்வர் நிர்வாகி நமக்குச் செய்து தர வேண்டியவை மூன்று. எஸ்.பி.எஃப். என்பது, எங்கள் கடைக் கடிதங்கள் இந்த வாசல் வழியாகத்தான் புறப்படும் என்று ஊரறியப் பதிந்து வைப்பது. டி.கே.ஐ.எம். என்பது கடிதத்தின் மேல் வைக்கும் அரக்கு முத்திரை. டிமார்க் என்பது, இவை பொருந்தாமல் எங்கள் பெயரில் வருவதை என்ன செய்யலாம் என்று பெறுபவருக்கு நாம் சொல்லி வைக்கும் உத்தரவு. மொத்தமாகக் கடிதங்கள் அனுப்புவோருக்கு கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல் இம்மூன்றையும் கட்டாயமாக்கின. சிறு கடைக்கும் இது நல்லதே. நம் பெயரில் வேறொரு வாசலிலிருந்து எழுதுகிறவனை இது மறிக்கும்.

முகவரியில் ஓரெழுத்து மாற்றி எழுதுகிறவனை இதுவும் மறிக்காது. 2015-ல் அரசு நிறுவனமான ஓ.என்.ஜி.சி.க்கு நேர்ந்ததைப் பாருங்கள். முகவரியில் இரண்டு எழுத்துகளை இடம் மாற்றி, ஓ.ஜி.என்.சி. என்று வைத்துக்கொண்டு, நாப்தா வாங்கிய சவூதி நிறுவனத்துக்கு மோசடிக்காரர்கள் புதுக் கணக்கு எண் அனுப்பினார்கள். சுமார் 197 கோடி ரூபாய் விவகாரம் மும்பை போலீசுக்குப் போனது. அவ்வளவு பெரிய இடத்திலேயே கண் தவறியது. ஆகவே கணக்கு எண் மாற்றம் என்று கடிதம் வந்தால், கடிதத்துக்குப் பதில் எழுதாதீர்கள். ஏற்கெனவே உங்கள் டைரியில் இருக்கும் எண்ணுக்குப் போன் போட்டுக் குரலைக் கேளுங்கள். நம் ஊர் வங்கிகளின் இணைய முகவரிகள் 2025 அக்டோபர் 31-க்குள் '.பேங்க்.இன்' என்று முடியும்படி மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வங்கி பெயரில் வரும் கடிதத்தின் வாலையும் பார்த்துப் பழகுவோம்.

சாவியைப் பற்றி

எங்கள் சர்வரின் வருகைப் பதிவேட்டைத் திறந்து காட்டினார் அந்த நண்பர். எனக்கு வியர்த்துவிட்டது. இரவெல்லாம், எங்கிருந்தோ ஏதேதோ மெஷின்கள் வந்து கதவைத் தட்டியிருக்கின்றன. 'அட்மின்' என்று ஒன்று, 'டெஸ்ட்' என்று ஒன்று, கடைப் பெயர் ஒன்று. தவறினால் மறுபடி, மறுபடியும். யாரும் என்னைக் குறிவைத்து வரவில்லை. தெருவில் எல்லாக் கதவையும் தள்ளிக்கொண்டே போகிறவனுக்கு, தாழ் போடாத கதவு என்னுடையது. "நம்ம சின்னக் கடையை எவன் சார் தேடி வரப் போறான்?" என்று கேட்கும் நண்பர்களுக்கு இதுவே பதில்.

பாஸ்வேர்டை மாதாமாதம் மாற்றச் சொல்லி ஒரு வழக்கம் இருந்தது. பலன் என்ன? ஜனவரியில் கடைப்பெயர்01, பிப்ரவரியில் கடைப்பெயர்02. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமே 2017-ல் இந்தக் கட்டாய மாற்றம் வேண்டாம், நீளமான பாஸ்வேர்டு வையுங்கள், வெளியே போனதாகத் தெரிந்தால் மட்டும் மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைக் கோத்து வைத்தால் நமக்கு நினைவிருக்கும், மெஷினுக்குக் கிடைக்காது. அதோடு செல்போனில் வரும் இரண்டாவது எண்ணும் கேட்கும்படி செய்துவிட வேண்டும். பத்து முறை தவறாகத் தட்டினால் கதவு தானே மூடிக்கொள்ள வேண்டும். வீட்டிலிருந்து கணக்குப் பார்க்க வசதியாக இருக்கிறதென்று சர்வரின் ரிமோட் வாசலை ஊருக்கே திறந்து வைத்திருப்பவர்கள் அதை இன்றே மூடச் சொல்லுங்கள். கணக்கையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் கூட்டம் அதிகம் நுழையும் வழிகளில் அதுவும் ஒன்று. கணக்கின் நகல் ஒன்று, சர்வரோடு ஒட்டாமல் வெளியே இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆளுக்கொரு சாவி. ஐந்து பேர் ஒரே பாஸ்வேர்டைப் பயன்படுத்தினால் எது யார் செய்தது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. வேலையை விட்டுப் போகும் பையனின் கணக்கைத் தீர்க்கும் அன்றே அவனுடைய நுழைவையும் மூட வேண்டும். தலைமைச் சாவியை உறையிலிட்டு ஒட்டி, கையெழுத்துப் போட்டு, முதலாளியின் பீரோவில் வைக்க வேண்டும்.

"இதெல்லாம் கம்ப்யூட்டர்காரன் வேலை, நமக்கெதற்கு?" என்பார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் நட்டத்தின்போது கம்ப்யூட்டர்காரன் வரவில்லை. சட்டமும் நம்மைத்தான் கேட்கும். நாட்டின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் போட்ட உத்தரவின்படி, இப்படி நடந்தால் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சர்வரின் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கு அதே ஆண்டு செப்டம்பர் 25 முதல் அது அமலானது. என் கடையில் பதிவேடு எங்கிருக்கிறது என்றே எனக்குத் தெரியாமல் இருந்தது.

கும்பகோணம் தந்த பாடம்

எவ்வளவு காவல் வைத்தாலும் ஒருநாள் கன்னம் வைத்துவிடுவான். அப்போது காப்பாற்றுவது பழைய வியாபாரிகளின் பழக்கம்தான். 1904-ல் கும்பகோணத்தில் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கியில் 2018 பிப்ரவரியில் திருடர்கள் கம்ப்யூட்டர் வழியாக நுழைந்து, துபாய், துருக்கி, சீனா என மூன்று திசைக்கு சுமார் 20 லட்சம் டாலர் அனுப்ப உத்தரவு போட்டார்கள். உத்தரவு போனதற்கான ஒப்புகையை அச்சடிக்கும் பிரிண்டரையும் முடக்கி வைத்தார்கள். ஆனால் மறுநாள் காலை கணக்கை நேர்பார்த்தபோது விஷயம் வெளிப்பட்டது. துபாய்க்குப் போன தொகையை இடையிலேயே மறிக்கவும் முடிந்தது. தினக்கணக்கைத் தினமே ஒத்துப் பார்ப்பது என்ற நம் தாத்தாக்களின் வழக்கத்துக்கு ஈடான காவல் இன்னும் வரவில்லை. நான் வாரத்துக்கொருமுறை பார்த்தேன். மூன்று நாளில் மூன்றரை லட்சத்துக்கு மேல் போனது.

நாம் அனுப்பும் குப்பை

நம் பக்கத் தவறும் ஒன்றுண்டு. தீபாவளி வந்தால் கையிலுள்ள முகவரிக்கெல்லாம் வாழ்த்தும் விலைப்பட்டியலும் அனுப்பிவிடுகிறோம். வாங்குபவர் பத்துப் பேர் 'குப்பை' என்று குறித்தால் நம் முகவரியே கறுப்புப் பட்டியலுக்குப் போகிறது; பிறகு பில் அனுப்பினாலும் சேராது. இது பெரியவர்களையும் விடவில்லை. நம் சென்னையின் ஜோஹோ நிறுவனத்தின் இணைய முகவரியையே, அதன் சேவையைப் பயன்படுத்திய சிலர் அனுப்பிய மோசடிக் கடிதங்கள் பற்றிய புகாரைக் காட்டி, 2018 செப்டம்பர் 24 அன்று அமெரிக்கப் பதிவு நிறுவனம் நிறுத்திவிட்டது. உலகெங்கும் வாடிக்கையாளர்கள் தவித்தார்கள். ஒரு குடித்தனக்காரர் செய்த தப்புக்கு வீட்டுக்காரர் வாசலைப் பூட்டிய கதை. கேட்டவர்களுக்கு மட்டும் அனுப்புவோம். வேண்டாம் என்றவரை நிறுத்துவோம்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

ஒவ்வொரு கடையும் தனியாக ஒரு நல்ல சர்வர் நிர்வாகியை வைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் தெருக் கூர்க்காவை ஒவ்வொரு கடையும் தனியாகவா வைத்தோம்? கடைக்கு இவ்வளவு என்று போட்டு, ஊதுகிற விசிலில் எல்லோரும் தூங்கினோம். அதேபோல் சங்கம் முன்னின்று, முப்பது கடைக்கு ஒருவர் என்று, முறையாகப் படித்த ஒரு நிர்வாகியை மாதச் சம்பளத்தில் அமர்த்த வேண்டும். அவர் மாதம் ஒருமுறை ஒவ்வொரு கடையிலும் சாவிகளையும் வடிகட்டியையும் பதிவேட்டையும் பார்த்து, ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டு முதலாளியிடம் கொடுக்கட்டும். ஏ.சி. மெக்கானிக்குக் கொடுக்கும் மரியாதையையாவது அவருக்குக் கொடுப்போம்.

செயற்குழு இதை அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்றிரவு ஷட்டரை இறக்குமுன் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேளுங்கள்: "நம்ம சர்வர் பாஸ்வேர்டு என்ன, அது யாருக்கெல்லாம் தெரியும்?" பதில் உடனே வராவிட்டால், உங்கள் கடை இன்னும் பூட்டப்படவில்லை என்று அர்த்தம்.

– கிண்டி உறுப்பினர் ஒருவர்