சொன்னவர் யார் என்று கேட்கலாமா?

பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களில் எச்.ஏ.எல். என்ற மூன்றெழுத்தை அறியாத வீடு குறைவு. தந்தையோ தாய்மாமனோ அங்கே வேலைக்குச் சேர்ந்து, விமானபுரத்திலும் முருகேஷ்பாளையத்திலும் குடியேறிப் பிள்ளைகளை ஆளாக்கிய கதை நம்மில் பலருக்கு உண்டு. ஆகவே ரஃபேல் போர் விமானச் செய்தி நமக்கு வெறும் டெல்லிச் செய்தியன்று. முதலில் பேசப்பட்ட திட்டப்படி 126 விமானங்களில் 108 எச்.ஏ.எல்.லில் உருவாக வேண்டியவை. 2016 செப்டம்பரில் கையெழுத்தானதோ, பிரான்சிலேயே செய்து தரப்படும் 36 விமானங்களுக்கான ஒப்பந்தம்.

2019 பிப்ரவரியில் 'தி இந்து' ஆங்கில நாளேட்டில் என்.ராம் ஒரு குறிப்பை வெளியிட்டார். பிரதமர் அலுவலகம் தனியே பேச்சு நடத்துவது நம் தரப்பைப் பலவீனப்படுத்தும் என்று பாதுகாப்பு அமைச்சக அதிகாரிகள் 2015 நவம்பரில் எழுதிய குறிப்பு அது. குறுக்கீடு எதுவும் இல்லை என்றது அரசு. மார்ச் 6 அன்று உச்சநீதிமன்றத்தில், அவை திருடப்பட்ட ஆவணங்கள் என்றும், அலுவல் இரகசியச் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படலாம் என்றும் அரசின் தலைமை வழக்கறிஞர் கூறினார். வெள்ளையர் 1923இல் இயற்றிய, சிறைக்கு அனுப்பும் சட்டம் அது. தகவல் தந்தவர் யாரென்று எங்களிடமிருந்து எவரும் அறிய முடியாது என்றார் ராம். அந்த உறுதியை நான் மனமார மதிக்கிறேன்.

ஏப்ரல் 10 அன்று மூன்று நீதிபதிகளும் ஒருமனதாக அரசின் ஆட்சேபத்தை நிராகரித்தார்கள். யாரும் சிறை செல்லவில்லை. நவம்பரில் மறுஆய்வு மனுக்கள் தள்ளுபடியாயின என்பதும் உண்மை. வழக்கு எப்படி முடிந்தாலும், அந்தக் குறிப்பைப் படிக்கும் உரிமை குடிமக்களுக்கு இருந்தது என்பதே என் கட்சி.

'இரகசியம் என்று சொல்லி நிருபர் எதையும் இட்டுக்கட்டலாமே' என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இட்டுக்கட்டினால் அவதூறு வழக்கு இருக்கிறது. பொறுப்பை ஆசிரியர் ஏற்கட்டும். ஆனால் சொன்னவரைக் காட்டிக்கொடுக்கச் சொன்னால், அடுத்தவர் வாய் திறப்பாரா? போஃபர்ஸ் பேரத்தில் சித்ரா சுப்ரமணியத்துக்கு ஆவணம் தந்தவர் சுவீடன் காவல் அதிகாரி ஸ்டென் லிண்ட்ஸ்ட்ரோம் என்பது, 2012இல் அவரே முன்வந்து சொன்ன பிறகுதான் உலகுக்குத் தெரிந்தது. கால் நூற்றாண்டு காத்த வாக்கு அது! அமெரிக்காவில் ஜூடித் மில்லர் என்ற நிருபர், பெயர் சொல்ல மறுத்து 2005இல் 85 நாள் சிறையில் இருந்தார்.

நம் நாட்டில் இதற்கு அரண் மிகச் சிறியது. 1978ஆம் ஆண்டின் பத்திரிகைக் கவுன்சில் சட்டம் நிருபரைக் காப்பது அந்தக் கவுன்சிலின் விசாரணையில் மட்டுமே. நீதிமன்றங்களிலும் பாதுகாப்பு வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 93ஆவது அறிக்கையில் 1983லேயே பரிந்துரைத்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அதற்கு இடமில்லை.

இந்த விஷயத்தில் கட்சி வேறுபாடும் இல்லை. அண்ணா பல்கலைக்கழக மாணவி வழக்கின் முதல் தகவல் அறிக்கை கசிந்தது பெருங்கொடுமை. ஆனால் அதை விசாரித்தவர்கள் நிருபர்களின் செல்போன்களைப் பறித்துக்கொண்டார்கள். திருப்பிக் கொடுக்கும்படி 2025 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. ஒரு நிருபரின் செல்போனில் ஒரு வழக்கு மட்டுமா இருக்கிறது? அவரை நம்பிப் பேசிய அத்தனை பேரும் இருக்கிறார்கள்.

தேசப் பாதுகாப்புக்கு உண்மையிலேயே ஆபத்தென்றால் நீதிபதி ஆராய்ந்து முடிவு செய்யட்டும். போலீஸ்காரர் முடிவு செய்ய வேண்டாம். நம் பிள்ளைகள் இன்று அரசு அலுவலகங்களிலும் பெரிய கம்பெனிகளிலும் பணிபுரிகிறார்கள். நாளை அவர்களில் ஒருவர் கண்ணில் ஓர் அநியாயம் படலாம். வேலையும் குடும்பமும் போய்விடுமோ என்று அஞ்சாமல் அதை ஒருவரிடம் சொல்ல வழி இருக்க வேண்டாமா? வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவர்களிடம், அவர்கள் எந்தக் கட்சியானாலும் சரி, இந்தச் சட்டத்தைப் பற்றி நாம் கேட்போம்.